அம்மாவின் முகம் ஒரு பக்கம் கோணிவிட்டது. தொட்டால் தெரிகிறது, சிரிக்க மட்டும் முடியவில்லை. ஏன்?

லயத்துப்பிள்ளை:

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 47 வயது, கொழுந்து எடுக்கிறார். பதினொரு நாளைக்கு முன்னால் விடிய எழும்பி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியே ஒழுகியது. அதற்கு முந்தின நாள் முழுக்க இடது காதுக்குப் பின்னால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூடைக் கயிறு இழுத்த வலி என்று நினைத்து நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது, இடது கண் மூடவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, இது பாரிசவாதம் இல்லை, முகவாதம் என்றார்கள். ஸ்டீரொயிட் குளிசையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் தந்து கிளினிக் திகதியும் போட்டிருக்கிறார்கள்.

வைத்தியத்தில் எனக்குக் குறை இல்லை. புரியாதது முகம்தான். இடது கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலும் அம்மாவுக்குத் தெரிகிறது. சூடு, குளிர் எல்லாம் தெரிகிறது. ரொட்டியை இடது பக்கமும் நன்றாக மெல்லுகிறார். ஆனால் மென்றது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் போய்த் தங்கிவிடுகிறது, விரல் விட்டுத்தான் எடுக்கிறார். தேத்தண்ணி நாக்கின் ஒரு பக்கத்தில் சப்பென்று இருக்கிறதாம். கோயில் லவுட்ஸ்பீக்கர் போட்டால் இடது காதைப் பொத்திக்கொள்கிறார். உணர்ச்சி இருக்கிறது, மெல்ல முடிகிறது, சிரிப்பு மட்டும் எங்கே போனது? முகத்துக்கும் நாக்குக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று. கண்ணை மூடச் சொன்னால் விழி மேலே போய் வெள்ளை மட்டும் தெரிகிறது. தூங்கும்போதும் அப்படித்தான். பக்கத்துக் காம்பரா ஆயா அதைப் பார்த்துவிட்டுக் காத்துப் பட்டிருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எட்டு வயதுத் தம்பி அம்மா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறான். எனக்கு அதுதான் பெரிய வேதனை. அவனுக்கு என்ன சொல்வது?

மலைமுகடு:

தங்கச்சி, உடனே கொண்டு போனது நல்லது. என் அப்பாவுக்கும் வாய் கோணித்தான் தொடங்கியது, ஆனால் அது பாரிசவாதம். கைச் சட்டியைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டார், பேச்சும் குழறியது. வார்டில் டொக்டர் முதலில் புருவத்தைத் தூக்கச் சொன்னார். அப்பாவின் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கியது. உங்கள் அம்மாவுக்கு எப்படி? இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், நெற்றியைப் பார்த்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். முகம் திடீரென்று கோணினால் எதுவாக இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி.

லயத்துப்பிள்ளை:

அண்ணா, அம்மாவுக்கு இடது நெற்றியில் ஒரு கோடுகூட விழவில்லை. துணிக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. கை, கால், பேச்சு எல்லாம் சரியாக இருக்கின்றன.

ஊவா தாதி:

மகள், நான் பதுளைப் பக்கம் முப்பது வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். 1997 மாசியில் எனக்கே வலது பக்கம் இது வந்தது. கட்டிலுக்கு அருகில் நின்றும் பார்த்திருக்கிறேன், கட்டிலில் கிடந்தும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முகத்துக்கு முக்கியமாக இரண்டு நரம்புகள் வருகின்றன. மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் 12 சோடி. அதில் ஐந்தாவது, தொடுகை, வலி, சூடு எல்லாவற்றையும் முகத்திலிருந்து மூளைக்குக் கொண்டுபோகிறது. நெற்றிக்கு ஒரு கிளை, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று. மெல்லுகிற தசைகளை ஆட்டுவதும் அதுவேதான். பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பாருங்கள், ஒரு தசை உருண்டு எழும்பும். அது ஐந்தாவது நரம்பின் ஆள். அம்மாவுக்கு அந்த நரம்பில் பழுதில்லை. அதனால்தான் ஈ உட்காருவது தெரிகிறது, ரொட்டியும் மெல்ல முடிகிறது.

சிரிப்பதும் கண்ணை மூடுவதும் புருவத்தை உயர்த்துவதும் ஏழாவது நரம்பின் வேலை. இது கபாலத்துக்குள் காதுப் பக்க எலும்பில் உள்ள ஒரு வளைந்த குழாய் வழியாக வர வேண்டும். குழாயின் நீளம் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். ஆகக் குறுகிய இடத்தில் அகலம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. கை வீங்கினால் சட்டைக் கையைத் தளர்த்தலாம், எலும்பை எப்படித் தளர்த்துவது? நரம்பு வீங்கியதும் தன் குழாய்க்குள்ளேயே நசுங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஏதோ ஒரு வைரஸ் கிளப்பிவிடும் வீக்கம் என்றுதான் வைத்தியர்கள் கருதுகிறார்கள். ஸ்டீரொயிட் கொடுப்பது அந்த வீக்கத்தை இறக்கத்தான். முதல் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், நீங்கள் அன்றைக்கே போய்விட்டீர்கள். காதுவலிக்குத் தைலம் தேய்த்தோமே என்று மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். வலி அந்த நரம்பு வருகிற இடத்தில்தான் இருந்தது, ஆனால் அதை முதல் நாளில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் குழாய்க்குள் இருக்கும்போதே ஏழாவது நரம்பிலிருந்து இரண்டு சின்னக் கிளைகள் பிரிகின்றன. ஒன்று செவிப்பறையை ஒட்டிப் போய் நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை கொடுக்கிறது. தேத்தண்ணி ஒரு பக்கம் சப்பென்று இருப்பது அதனால். மற்றது காதுக்குள் ஒரு தசைக்குப் போகிறது. உடம்பிலேயே ஆகச் சிறிய தசை அது. பெரிய சத்தம் வந்தால் காதின் சின்ன எலும்பை இழுத்துப் பிடித்து அடக்கும். அது சோர்ந்துவிட்டால் லவுட்ஸ்பீக்கர் காதில் குத்தத்தானே செய்யும்.

இனி நரம்பு வெளியே வரும் இடம். காதுச் சோணைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் புடைத்த எலும்புக்கும் தாடையின் மூலைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், விரலை வையுங்கள். அந்த ஆழத்தில்தான் ஒரு சிறு துவாரத்தால் வெளியே வந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைந்து ஐந்தாகப் பிரிகிறது. உள்ளங்கையின் அடியைக் காதருகே வைத்து, விரல்களை முகத்தின் மேல் விரித்துப் பாருங்கள். பெருவிரல் நெற்றிக்கு, அடுத்தது கண்ணுக்கு, நடுவிரல் மேலுதட்டுக்கு, மோதிரவிரல் தாடையோரம், சின்னவிரல் கழுத்துக்கு. நரம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் கிடக்கிறது. ரொட்டி தங்குவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. மெல்லுவது ஐந்தாவது, மென்றதைக் கன்னத்தால் பல்லுக்குத் தள்ளுவது ஏழாவது.

நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் உத்தரவு வருகிறது. பாரிசவாதத்தில் மூளையின் ஒரு பக்கம் அடிபட்டாலும் மறுபக்கம் தாங்கிக்கொள்ளும். மேலே எழுதிய மலைமுகடு தம்பியின் அப்பாவுக்கு நெற்றி சுருங்கியது அதனால். உங்கள் அம்மாவுக்கு மூளையிலிருந்து வந்த உத்தரவெல்லாம் சேர்ந்த பிறகு நரம்பே அடைபட்டிருக்கிறது. அதனால் நெற்றியும் போய்விட்டது.

கண்ணுக்கு வருவோம். இமையைத் தூக்குவது மூன்றாவது நரம்பு, மூடுவது ஏழாவது. மூடுகிறவன் சோர்ந்தால் திறப்பவன் மட்டும் நிற்கிறான், கண் திறந்தபடியே இருக்கும். விழி மேலே போவது நோய் இல்லை, காத்தும் இல்லை. கண்ணை மூடும்போது பெரும்பாலானோருக்கும் விழி அப்படித்தான் மேலே போகிறது, இமை மறைப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. விழி தன்னைக் காத்துக்கொள்ள ஒதுங்குகிறது, அவ்வளவுதான். 1821இல் இந்த நரம்பின் வேலையைப் பிரித்து எழுதியவர் சார்ள்ஸ் பெல் என்ற ஸ்கொட்லாந்து சத்திர வைத்தியர். முகவாதத்துக்கும், விழி மேலே போகும் இந்தச் செயலுக்கும் அவர் பெயர்தான்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கோணிய வாயைப் பற்றி இல்லை, அந்தக் கண்ணைப் பற்றி. பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு, இமையை விரலால் மூடி, மேலிருந்து கீழாகப் பேப்பர் பிளாஸ்டர் ஒட்டுங்கள். பஞ்சை நேரே விழி மேல் வைக்காதீர்கள். விறகு அடுப்புப் பக்கம் கொஞ்ச நாளைக்கு விட வேண்டாம். கண் சிவந்தாலோ வலித்தாலோ கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்காமல் போங்கள். காதுக்குள் கொப்புளம் வந்தாலும் அப்படித்தான். குளிசையை இடையில் நிறுத்தாதீர்கள், சீனி வருத்தம் இருந்தால் அதை அங்கே சொல்லிவிடுங்கள்.

காமன் பொட்டல்:

தாதியம்மா சொன்னதற்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். மஸ்கெலியாப் பக்கம் ஒவ்வொரு மாசியும் காமன் கூத்துக்கு முகம் எழுதுகிறவன் நான். முகத்தில் பூசிய முத்துவெள்ளைச் சாயம் காய்ந்த பிறகு ஆட்டக்காரனைச் சிரிக்கச் சொல்லிப் பார்ப்பேன், எங்கே வெடிக்கிறதோ அங்கே மறுபடி பூச வேண்டும். நெற்றியில் குறுக்காக வெடிக்கும், புருவத்துக்கு நடுவில் நெடுக்காக வெடிக்கும், கண்ணோரத்தில் விசிறி மாதிரி வெடிக்கும். தசை ஓடுகிற திசைக்குக் குறுக்கேதான் தோல் மடியும் என்று ஒரு பயிற்சியில் டொக்டர் ஒருவர் சொன்னபோதுதான் காரணம் விளங்கியது. நெற்றித் தசை மேலும் கீழுமாக ஓடுகிறது, கண்ணைச் சுற்றியது வளையமாக ஓடுகிறது. முகத்துத் தசைகளின் ஒரு முனை தோலிலேயே தைத்திருக்கிறதாம். கை காலில் அப்படி இல்லை.

ஒரு வருடம் எங்கள் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவருக்கு இதே முகவாதம். பாதி முகத்தில் வெள்ளை வெடிக்கவே இல்லை, பளிங்கு மாதிரி நின்றது. அடுத்த மாசியில் இரண்டு பக்கமும் வெடித்தது. அன்றைக்கு நான் மறுபடி பூசவில்லை, அப்படியே ஆடவிட்டேன்.

லயத்துப்பிள்ளை:

இரண்டு பேருக்கும் நன்றி. வாசித்துவிட்டு அழுதுவிட்டேன். ஒரு கேள்வி. சுவிங்கம் மென்றால் சீக்கிரம் வரும், பலூன் ஊது என்று எல்லோரும் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஊவா தாதி:

மெல்லுவது எந்த நரம்பு என்று மேலே பாருங்கள் மகள். சுவிங்கம் மென்றால் சரியாக இருக்கிற நரம்புக்குத்தான் வேலை கொடுக்கிறீர்கள். பலூனும் வேண்டாம், பலத்தைப் போட்டு ஊதினால் நல்ல பக்கம்தான் இன்னும் இழுக்கும். கண்ணாடி முன்னால் இருந்து, மெதுவாக, இரண்டு பக்கமும் ஒன்றாக அசைய முயற்சிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு தலைகாட்டும், முழுதாக வர மாதங்கள் ஆகலாம். மூன்று வாரத்தில் துளியும் இல்லையென்றால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

எனக்கு நான்கு மாதம் ஆனது. நரம்பு திரும்ப வளர்ந்தபோது ஓர் இழை தடம் மாறிப் போய்விட்டது, இன்றைக்கும் சிரித்தால் வலது கண் கொஞ்சம் சுருங்கும். பேரப்பிள்ளைகள் அதை அம்மாச்சி கண்ணடிக்கிறா என்கிறார்கள்.

லயத்துப்பிள்ளை:

இன்றைக்கு இருபதாம் நாள். தாதியம்மா சொன்ன மாதிரித் தம்பியின் கையைப் பிடித்து அம்மாவின் காதருகே வைத்து, எந்த விரல் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தேன். அவனையும் கண்ணை மூடச் சொல்லி, நான் இமையைக் கொஞ்சம் தூக்கிப் போனில் படம் எடுத்துக் காட்டினேன். அவன் விழியும் மேலேதான் போயிருந்தது. தன் வெள்ளைவிழியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. இப்போது இரவில் பிளாஸ்டர் ஒட்டுவது அவன்தான், என்னை விடமாட்டான்.

நேற்று ஒட்டிக்கொண்டிருந்தவன், அக்கா, இரண்டாவது விரலுக்குக் கீழே ஏதோ துடிக்கிறது என்றான். நான் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு விடிய அம்மா கண்ணாடி முன்னால் இருந்தபோது இடது கடைக்கண்ணில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. விளக்கைக் கிட்டப் பிடித்து மூன்று பேரும் பார்த்தோம்.