ஐடிஇ-யில் (கோடு எழுத, ஓட்ட, பிழை தேட உதவும் மென்பொருள்) உங்களுக்கு நிஜமாகவே கை கொடுத்தது எது?

எல்லாரும் ஆட்டோகம்ப்ளீட்டையே சொல்கிறீர்கள், என் ஓட்டு டீபக்கருக்குத்தான், அதாவது ப்ரோக்ராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேடும் கருவிக்கு. கல்லூரி லேபில் டர்போ சி++ என்ற பழைய ஐடிஇ-யின் நீலத்திரையில் ஆரம்பித்த ஆள் நான். 1990-இல் வந்த அதிலேயே எஃப்7, எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு, ஆனால் யார் தொட்டார்கள்? ஓட்ட கண்ட்ரோல் எஃப்9, பார்க்க ஆல்ட் எஃப்5, அவுட்புட் வந்தால் ரெக்கார்டு நோட்டு, அவ்வளவுதான். வேலைக்கு வந்தும் பிரிண்ட் போட்டுப் போட்டே காலம் ஓட்டினோம்.

அப்புறம் ஒரு ஜாவா பில்லிங் ப்ராஜெக்ட். ராத்திரி ஓடும் பேட்ச் ஜாபில் ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் விலை மாறிவிட்டது என்று தினமும் திருத்திய பில் போகிறது, விலையோ மாறவே இல்லை. லாகில் (ப்ரோக்ராம் ஓடும்போது எழுதிவைக்கும் பதிவு) எல்லாவற்றையும் இரண்டு தசமத்துக்கு வடிவமைத்து எழுதியிருந்ததால் பழையதும் புதியதும் அச்சு அசல் ஒன்றாகத்தான் தெரிந்தன. லூப்புக்குள் சும்மா பிரேக்பாயிண்ட் (ப்ரோக்ராம் நிற்க வேண்டிய வரிக்கான குறி) வைத்தால் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் நிற்கும், தொடர்ந்து ஓட்ட எஃப்9 அழுத்தியே விரல் தேய்ந்துவிடும். நான் வைத்திருந்த ஜாவா ஐடிஇ-யான இன்டெல்லிஜேவில் பிரேக்பாயிண்டைக் காட்டும் சிவப்புப் புள்ளியை ரைட் கிளிக் செய்து கண்டிஷனில் வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்தேன், நேராக அவரிடம் போய் நின்றது. நின்ற இடத்திலேயே ஆல்ட் எஃப்8 அழுத்தி இரண்டு விலையையும் ஒப்பிட்டால், ஈக்வல்ஸ் ஃபால்ஸ் (சமமில்லை) என்கிறது, கம்பேர்டூ 0 (சமம்) என்கிறது! டேட்டாபேஸில் 150.00, ஃபைலில் அவருக்கு மட்டும் 150.0. ஜாவாவில் தசம எண்களுக்கான பிக்டெசிமலின் ஈக்வல்ஸ் தசம இடங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துத்தான் ஒப்பிடும். ஜாவா ஆவணத்திலேயே இருக்கிறது, யார் படிக்கிறார்கள்.

ஒன்று மட்டும்: மெத்தட் பிரேக்பாயிண்டை (ஒரு வரிக்குப் பதில் ஒரு முழு மெத்தட்டுக்கே வைப்பது) மறந்துபோய் விட்டுவைக்காதீர்கள், ப்ரோக்ராம் ஆமையாகிவிடும்.

*

அண்ணா, ரிமோட் டீபக் (வேறு கம்ப்யூட்டரில் ஓடும் ப்ரோக்ராமோடு இணைந்து டீபக் செய்வது) பற்றியும் சொல்லுங்கள். எங்கள் டீமில் 5005 போர்ட்டில் பொதுவான டெஸ்ட் சர்வரோடு இணைந்து, பிரேக்பாயிண்டில் நிறுத்திவிட்டு ஒருவர் சாப்பிடப் போய்விட்டார், டெஸ்டிங் ஆட்கள் சர்வர் செத்துவிட்டது என்று டிக்கெட் மேல் டிக்கெட் போட்டுத் தள்ளினார்கள். பிரேக்பாயிண்ட் அமைப்பில் சஸ்பெண்ட் என்ற இடத்தில் 'ஆல்' இருந்தால் எல்லா த்ரெட்டும் (ப்ரோக்ராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) நின்றுவிடும், 'த்ரெட்' என்று மாற்றினால் அந்த ஒன்று மட்டும் நிற்கும். அதைவிட, சஸ்பெண்ட் டிக்கையே எடுத்துவிட்டு 'எவால்யுவேட் அண்ட் லாக்' கொடுத்தால் எதுவும் நிற்காது, கேட்ட மதிப்பு மட்டும் கன்சோலில் வரும். சர்வரில் ப்ரோக்ராமை மறுபடி ஏற்றாமலே புது லாக் வரி சேர்த்த மாதிரி.

*

விஎஸ் கோடு என்ற எடிட்டரில் அதற்கு லாக்பாயிண்ட் என்று பெயர். 8 ஜிபி லேப்டாப், பெரிய ஐடிஇ எதைத் திறந்தாலும் இண்டெக்ஸிங் (ப்ராஜெக்ட் கோடு முழுவதையும் படித்துப் பட்டியல் போடுவது) முடிவதற்குள் டீ குடித்து வந்துவிடலாம், அதனால் இந்தப் பக்கம் வந்தவன் நான். வந்த பிறகுதான் தெரிந்தது, இதில் ஜாவாவுக்கு ரெட் ஹேட் தரும் எக்ஸ்டென்ஷனின் உள்ளே ஓடுவதே எக்லிப்ஸ் என்ற ஐடிஇ-யின் ஜாவா எஞ்சின்தான். ரீநேம், இம்போர்ட் சரிசெய்வது, சிவப்புக் கோடு எல்லாம் அது தருவது.

*

அட! அப்படியானால் எக்லிப்ஸ் காலத்து வொர்க்ஸ்பேஸ் கிளீன் செய்யும் (ஐடிஇ சேர்த்து வைத்த தகவலை அழித்துப் புதிதாகத் தொடங்கும்) சடங்கும் கூடவே வந்துவிட்டதா?

*

வராமல் இருக்குமா? அதற்கென்று தனி கமாண்டே வைத்திருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவையாவது போட வேண்டியிருக்கிறது.