தொட்டியில் சிவப்புப் புழு, கொசு மாதிரிப் பூச்சி, கடிக்கவில்லை: எந்த இனம்?

கேட்டவர்:
வணக்கம். மாடியில் அல்லி வளர்க்கும் சிமெண்ட் தொட்டியின் அடிச்சேற்றில் சிவப்புப் புழுக்கள் நெளிகின்றன. சாயங்காலம் தொட்டிக்கு மேலே பூச்சிகள் கொத்தாகப் பறக்கின்றன. கைமேல் உட்கார்ந்தும் கடிக்கவில்லை. உடல் சுமார் 4 மில்லிமீட்டர், சிறகில் மங்கலான சாம்பல் திட்டுகள். எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமாக இருக்குமா?

பதில் 1:
உட்காரும்போது எந்தக் காலைத் தூக்குகிறது, ஆணின் உணர்கொம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா?

கேட்டவர்:
முன்கால் இரண்டையும் தூக்கி வைத்திருக்கிறது. உணர்கொம்பு இறகு மாதிரி.

பதில் 1:
அப்படியானால் கைரோனமிட் குடும்பம், அதாவது கொசு மாதிரி இருந்தும் கடிக்காத பூச்சிகள். கொசு பெரும்பாலும் பின்னங்காலைத்தான் தூக்கும். அதற்கு ஊசிபோல நீண்ட வாயும் உண்டு, இதற்குக் கிடையாது. புழுவின் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது தாக்குப்பிடிப்பது அதனால்தான். சிறகில் திட்டு என்றதும் எனக்கு இந்தக் குடும்பத்தின் பாலிபெடிலம் பேரினம் நினைவுக்கு வருகிறது. அதில் நூபிஃபர் என்ற இனத்தைப் பூச்சியியலாளர் ஸ்கூஸ் 1889-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து விவரித்தார், ஆசியாவிலும் பரவலாக உண்டு. ஆனாலும் படத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள், புது இனம் என்றும் சொல்லாதீர்கள். முடிவு ஆணின் வால்நுனியில், பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் பிடிப்புறுப்பின் வடிவில் இருக்கிறது.

பதில் 2:
முதலில் வளர்த்துப் பாருங்கள். ஒரு சின்னக் குப்பிக்கு ஒரு புழு, கொஞ்சம் சேறு, தொட்டித் தண்ணீர், வாயில் வலைத்துணி. பூச்சி வெளியே வந்ததும் கூட்டுப்புழுவின் தோல் மேலே மிதக்கும். அதை விட்டுவிடாதீர்கள், பூச்சியோடு ஒரே எண் போட்டு 80% ஆல்கஹாலில் வையுங்கள். புழுவின் தலை ஓடு சேற்றில் கிடக்கும், அதையும் தேடுங்கள். இந்த மூன்றும் ஒரே உயிரிடமிருந்து கிடைத்தால்தான் எந்தப் புழு எந்தப் பூச்சி ஆனது என்று உறுதியாகும்.

கேட்டவர் (பத்து நாள் கழித்து):
12 குப்பி வைத்தேன், 5 வந்தன. 3 பெண். ஆண் இரண்டில் ஒன்றை வந்த உடனே ஆல்கஹாலில் போட்டதால் சுருங்கிப் போய்விட்டது. நன்றாக இருப்பது ஒரே ஆண்.

பதில் 2:
அவசரப்படக் கூடாது. ஒரு நாள் விட்டால் உடலும் நிறமும் கெட்டிப்படும். நல்ல ஆணின் வயிற்றுப் பகுதியை 10% காஸ்டிக் பொட்டாஷில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவினால், தசை கரைந்து பிடிப்புறுப்பு தெளிவாகத் தெரியும். முன்காலில் கணைக்காலையும் அடுத்துள்ள முதல் பாதக் கணுவையும் அளந்து எழுதுங்கள், இனங்களை ஒப்பிட அந்த அளவுகளும் வேண்டும்.

பதில் 1:
ஓர் ஆணை மட்டும் வைத்துப் புது இனம் என்று எழுத வேண்டாம். கீஃபர் என்ற பூச்சியியலாளர் 1910-ல் இந்தக் குடும்பத்தின் இந்திய இனங்கள் பலவற்றை விவரித்தார். அந்த விவரிப்புகள் மிகச் சுருக்கமானவை, இன்று கேட்கும் அளவுகள் அவற்றில் கிடைக்காது. அவர் விவரித்த பழைய மாதிரிப் பூச்சியையே எடுத்துப் பார்க்கும்படி ஆகும். புதிது என்றே தெரிந்தால், மாதிரிகளை ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்த பிறகுதான் பெயர் வைப்பது முறை. சாயங்காலக் கொத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான். அதில் வலை வீசினால் ஒப்பிட நிறைய ஆண்கள் கிடைக்கும்.

கேட்டவர்:
சரி, இன்றைக்கே வலை தைக்கிறேன். குப்பிகளையும் இன்னொரு தடவை வைக்கிறேன்.