கச்சான் காற்றில் 90 கிலோமீற்றர்: இவ்வளவு தண்ணீர் குடித்தும் ஏன் சோர்ந்து விழுந்தேன்?

குளக்கட்டு (கிளிநொச்சி)

வணக்கம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 70.3 ட்ரயத்லன் ஒன்றில், அதாவது 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் என்ற போட்டியில், பங்குபற்றுவதற்காக ஐந்து மாதங்களாகப் பயிற்சி செய்து வருகிறேன். போட்டி நடக்கும் இடத்திலும் வெயிலும் காற்றும் கடுமையாக இருக்குமாம். ஆகவே கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓயும்வரை காத்திராமல், சென்ற ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பரந்தன் சந்தியில் புறப்பட்டு, விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக வட்டுவாகல் பாலம் வரை போய்த் திரும்பினேன்.

போகும்போது காற்று முதுகில் தள்ளியதால் மணிக்கு 34 கிலோமீற்றர் வேகம் சிரமமின்றி வந்தது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் புழுதியை அறைந்தது. 19ஐத் தாண்டவே முடியவில்லை. வாய் உலரும்போதெல்லாம் குடித்து, நாலு மணித்தியாலத்துக்குள் 750 மில்லிலீற்றர் போத்தல் ஏழை முடித்திருந்தேன்; எல்லாம் வெறும் தண்ணீர். விசுவமடுவை நெருங்கும்போது தலை இடித்தது, ஓங்காளம் வந்தது, விரல்கள் வீங்கி மோதிரம் கழலவில்லை. இடையில் ஒருதடவைகூடச் சிறுநீர் கழிக்கவில்லை. காலையில் 68.2 கிலோவாக இருந்த நிறை வீடு வந்தபோது 69.0 ஆக இருந்தது. முழங்கால் நோவுக்காகப் புறப்படுமுன் டைக்ளோபெனாக் ஒன்று போட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது வெயிலின் வேலையா? எதிர்க்காற்றில் எப்படி ஓட்ட வேண்டும்?

மாங்குளத்தான்

தண்ணீர் போதவில்லை, தம்பி. இந்த வெக்கைக்கு மணித்தியாலத்துக்கு இரண்டு லீற்றராவது குடித்தால்தான் உடம்பு தாங்கும்.

வன்னித்தாதி (வவுனியா)

மேலே உள்ள ஆலோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். நான் தாதியாக வேலை செய்பவள். எழுத்தை மட்டும் பார்த்து நோயை உறுதிப்படுத்த முடியாது என்றாலும், தம்பி எழுதியவற்றில் என்னை நிறுத்தியது நிறைதான். நாலு மணித்தியாலம் வெயிலில் வேர்த்தவருடைய நிறை குறைய வேண்டும். உங்களுடையது 800 கிராம் கூடியிருக்கிறது. வேர்வையில் போனதைவிட உள்ளே போன தண்ணீர் அதிகம் என்பதுதான் இதன் பொருள்.

நீண்ட நேரம் உடலை வருத்தும்போது மூளையிலிருந்து வசோபிரசின் என்னும் ஓமோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகத்தை நீரை வெளியேற்ற விடாமல் தடுக்கும். அந்த நிலையில் மேலும் மேலும் குடித்தால் இரத்தத்தில் உள்ள சோடியம் நீர்த்துப்போகும். அது லீற்றருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும்போது தலையிடி, ஓங்காளம், விரல் வீக்கம் எல்லாம் வரலாம். இன்னும் இறங்கினால் மூளை வீங்கி வலிப்பும் மயக்கமும் வரும், உயிரும் போகும். டைக்ளோபெனாக், இபுபுரோபென் போன்ற மாத்திரைகள் இந்த நீர்த்தேக்கத்தைக் கூட்டக்கூடியவை. பயிற்சிக்கு முன் அவற்றைப் போடும் பழக்கத்தை அடியோடு விடுங்கள்; முழங்காலை ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஜீவனி என்ற உப்பு-குளுக்கோஸ் தூளைக் கரைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று அடுத்தவர் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்தால் 75 மில்லிமோல் சோடியம் இருக்கும். வெறும் தண்ணீரைவிட நல்லதுதான். ஆனால் அளவுமீறிக் குடித்தால் அதுவும் காப்பாற்றாது, ஏனெனில் இரத்தத்தில் இருப்பது அதன் ஏறக்குறைய இரட்டிப்பு. வாய் உலர்வதற்கும் தாகத்துக்கும் வேறுபாடு உண்டு. வாய் உலர்ந்தால் கொப்பளித்துத் துப்புங்கள், தாகம் எடுத்தால் குடியுங்கள். ஒரு மணித்தியாலம் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த நிறையோடு குடித்ததைக் கூட்டினால் உங்கள் வேர்வை அளவு வந்துவிடும். ஒரு கிலோவை ஒரு லீற்றராக எடுத்துக்கொள்ளலாம்.

ஒருவர் நிலைகுலைந்து, கேட்டதற்குப் பொருத்தமில்லாமல் பேசி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். அப்போது 1990 அம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை கிணற்றடியோ வாய்க்காலோ எது அருகில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய், தலையை நீருக்கு மேலே பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிர்வியுங்கள்.

பழைய சில்லு (முல்லைத்தீவு)

2018 இல் கொழும்பில் முதல்தடவையாக 70.3 நடந்தபோது ஓடி முடித்தவன் நான். ஓட்டத்தின் பாதியை நடந்துதான் முடித்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தங்கச்சி சொன்னதற்கு மேல் தண்ணீர் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் வேகத்தைப் பார்த்து ஓட்டியிருக்கிறீர்கள். கச்சானில் வேகமானி பொய் சொல்லும். காற்று முதுகில் தள்ளும்போது 34 வருவது உங்கள் காலால் அல்ல. ஆனால் அந்த நேரத்தில் காற்றும் நீங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போவதால் உடம்பில் காற்றே படாது, வேர்வை உலராமல் சொட்டிக்கொண்டிருக்கும், சூடு உள்ளேயே தங்கும். பலரும் நினைப்பதற்கு மாறாக, புதுக்குடியிருப்பை நோக்கிப் போகும் அந்தச் சுகமான பாதிதான் உடம்பைச் சூடாக்குகிறது. திரும்பும்போது வேர்வை தோன்றிய உடனே உலர்ந்துவிடுவதால் வேர்க்கவில்லை என்று தோன்றும். சட்டையில் படியும் வெள்ளை உப்புக்கோட்டைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆகவே இரு பக்கமும் இதயத் துடிப்பு ஒரே அளவில் நிற்கும்படி மிதியுங்கள். எதிர்க்காற்றில் ஒரு கியர் இறக்கி, முழங்கையை மடித்துக் குனிந்து, 17 வந்தாலும் 17 தான் என்று விட்டுவிடுங்கள். அங்கே சண்டை பிடித்தால் ஓட்டத்துக்குக் கால் மிஞ்சாது.

பக்கக்காற்று வேறு விடயம். ஆழமான ரிம் உள்ள முன்சில்லை வெட்டையில் காற்று பிடித்துத் திருப்பிவிடும். ஹவாயில் நடக்கும் அயன்மான் உலகப் போட்டியில் மூடிய வட்டச் சில்லுக்கே தடை இருக்கிறதென்றால் யோசித்துப் பாருங்கள். சாதாரண ரிம்மே போதும். இரணைமடுக் குளத்தில் முதலை இருப்பது தெரிந்ததே; நீச்சலுக்கு முல்லைத்தீவுக் கடலுக்கு விடியலில், காற்று எழும்ப முன், துணையோடு வாருங்கள்.

குளக்கட்டு

அக்காவுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. அன்று வாய் உலர்வைத்தான் தாகம் என்று எடுத்திருக்கிறேன். நேற்று மாமாவின் அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி ஒரு மணித்தியாலச் சோதனையைச் செய்தேன். நிறை 600 கிராம் குறைந்தது, அரை லீற்றர் குடித்திருந்தேன். ஆக வேர்வை 1.1 லீற்றர். அன்று நான் குடித்தது மணித்தியாலத்துக்கு ஒன்றேகால் லீற்றருக்கும் மேல். அடுத்த ஞாயிறும் அதே வீதியில்தான் போகிறேன். மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டு, நாலு போத்தலோடு. நிறையை வந்து எழுதுகிறேன்.