அப்டேட்: மைசூர்பாக்குக்கு கப் அளவை கிராமா மாத்துறது, சரியா வந்துருச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, அம்மாவோட கணக்கு கடலைமாவு 1, சர்க்கரை 2, நெய் 2 டம்ளர், அதை நான் டம்ளருக்கு 240 கிராம்னு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டு செங்கல்லு மாதிரி வந்துச்சுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வொர்க் ஆனது "உங்க டம்ளரையே தராசுல வச்சு பாருங்க"ன்னு சொன்னவர் ஐடியாதான். முதல்ல தண்ணி ஊத்தி நிறுத்தேன், 200 கிராம், அதாவது அது 200 மில்லி டம்ளர், நான் நெனச்ச 240 இல்லவே இல்ல. அப்புறம் சர்க்கரை 168, நெய் 181. கடலைமாவுதான் ஆட்டம் காட்டுச்சு, டப்பாக்குள்ள டம்ளரை விட்டு அள்ளுனா 104, சலிச்சு ஸ்பூனால போட்டா 84, ஒரே மாவு ஒரே டம்ளர்! அம்மாகிட்ட போன் போட்டு கேட்டா "சலிக்காம யாருடி போடுவா"ன்னு ஒரே திட்டு. அப்போ 84தான்.

ஆக 250 கிராம் மாவுக்கு 1 கிலோ சர்க்கரை, 1080 கிராம் நெய், கிட்டத்தட்ட 1.2 லிட்டர். நெய் வாங்கும்போது பாக்கெட்ட பாத்து வாங்குங்க, 1 லிட்டர்னா 905 கிராம்தான் இருக்கும், நான் லிட்டரையும் கிலோவையும் ஒண்ணுன்னு நெனச்சு கடைசில ஓடிப்போய் இன்னொரு பாக்கெட் வாங்குனேன்.

நேத்து கிண்டுனேன், நல்லா பொறபொறன்னு ஓட்டையோட வந்துச்சு. பழைய செங்கல்லு இன்னும் டப்பால இருக்கு, வேணும்னா சொல்லுங்க.