வாய்க்கால் மேட்டில் கொட்டியது எந்த ஊர் வண்டி?

கிணத்துக்கடவான்: நேற்று இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார்: "நம் பக்கம் குப்பை கொட்டுவதெல்லாம் கேரளா லாரிதான். வாளையாறு, கோபாலபுரம் செக்போஸ்ட்டை இறுக்கினால் போதும். புகார் எழுதுவது வேலையத்த வேலை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) வாய்க்கால் மேட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததே, அந்தப் படத்தில் இருக்கும் வண்டி டிஎன் 41. பொள்ளாச்சி வண்டி. அது எந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்ததாம்?

தோப்புக்காரன்: எழுதினது நான்தானுங்க, பேரைச் சொல்லியே திட்டலாம். அது கேஎல் 09, பாலக்காட்டு வண்டி. பிளேட்டில் பாதி சேறு, உங்களுக்குத் தெரியவில்லை. மூட்டைக்குள் சலைன் பாட்டில், மஞ்சள் கவர், மலையாளத்தில் அச்சடித்த மருந்துச் சீட்டு. பொள்ளாச்சிக்காரன் மலையாளத்திலா மருந்து வாங்குகிறான்?

கிணத்துக்கடவான்: சீட்டு மலையாளமாகவே இருக்கட்டும். வண்டி டிஎன் 41.

இட்டேரி: அண்ணா, நம்பரை விட அந்தச் சீட்டுதான் முக்கியம். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கிடந்தபோது, எந்த ஆஸ்பத்திரி என்று காட்டிக் கொடுத்தது உள்ளே இருந்த காகிதங்கள்தான். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, கேரளாவே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அதனால் மூட்டையைக் கையால் கிளறாதீர்கள், ஊசி கிடக்கும். சீட்டு தெரிகிற மாதிரி படம் எடுங்கள், இடமும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், ஊராட்சி, போலீஸ் மூன்றுக்கும் ஒரே மனு. முதல்வர் உதவி எண் 1100-க்கும் கூப்பிட்டுச் சொல்லிப் பதிவு செய்யலாம்.

கிணத்துக்கடவான்: நல்ல பாடம் தம்பி. நம்பரைத் தப்பாக எழுதின மனு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். டிஎன் 41 என்று எழுது.

தோப்புக்காரன்: கேஎல் 09 என்று எழுது.

பனியன்சிட்டி: ராத்திரியில் லாரி தோப்புக்குள் போக வேண்டுமென்றால் கேட்டைத் திறந்து விடுவது யாருங்க? நம்ம ஆளே காசு வாங்கிக்கொண்டு பொக்லைன் வைத்துக் குழி தோண்டிக் கொடுக்கிறான், விடிவதற்குள் மண்ணைத் தள்ளி மேலே தென்னை மட்டையைப் பரப்பி விடுகிறான். அதைப் பற்றித் தோப்புக்காரர் வாயே திறப்பதில்லை.

தோப்புக்காரன்: யார் பேசுகிறார் பாருங்கள்! நொய்யல் ஆற்றில் சாயத்தைக் கரைத்து ஒரத்துப்பாளையம் அணையைச் சாக்கடையாக்கின திருப்பூர். 2011-ல் சாயப்பட்டறைகளை ஐகோர்ட் மூடச் சொன்னது மறந்து போச்சா?

பனியன்சிட்டி: மூடச் சொன்ன பிறகு கோடிக்கணக்கில் செலவு பண்ணிச் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறோம். இப்போது முதலிபாளையம் பாறைக்குழியில் மாநகராட்சிக் குப்பையைக் கொட்டாதே என்று போராடினதும் எங்கள் பக்கத்து ஜனங்கள்தான். நீங்கள் எதற்குப் போராடினீர்கள், கொப்பரை விலைக்கா?

தோப்புக்காரன்: கொப்பரையைப் பற்றிப் பேசினால் மரியாதை இருக்காது.

வெள்ளலூர் அம்மணி: எங்கள் ஊருக்கு வந்து ஒரு வாரம் குடியிருந்து பாருங்கள். கோயம்புத்தூர்க் குப்பை முழுவதும் எங்கள் தலையில். வெயில் காலத்தில் தீப்பிடித்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதெல்லாம் எந்த மாநில லாரிங்க?

கிணத்துக்கடவான்: அக்கா, அது மாநகராட்சிக் கிடங்கு. இது திருட்டுத்தனமாகக் கொட்டினது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

வெள்ளலூர் அம்மணி: நாத்தம் ஒன்றுதானுங்க.

இட்டேரி: மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்களைக் குண்டாஸில் போடலாம் என்று 2025-ல் சட்டத்தையே திருத்தியாச்சு. அதற்கும் யாராவது புகார் கொடுத்தால்தானே...

கிணத்துக்கடவான்: முதலில் தோப்புக்காரரைக் கேள். அவர் சம்பந்தி வண்டியும் டிஎன் 41. அதனால்தான் கேஎல், கேஎல் என்று இத்தனை அடம். இன்னொரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள்: டி, என், நாலு, ஒன்று.

தோப்புக்காரன்: சம்பந்தியை இழுக்காதீர்கள். அது தேங்காய் ஏற்றுகிற வண்டி.

கிணத்துக்கடவான்: தேங்காய் வண்டிக்கு நடுச்சாமத்தில் வாய்க்கால் மேட்டில் என்ன வேலை?

தோப்புக்காரன்: அது எங்கள் தடம். எங்கள் அப்பாரு காலத்தில் இருந்து வண்டி போகிற தடம். உங்களுக்கு அதில் பாத்தியதை இல்லை என்று தெரிந்த நாளில் இருந்துதானே இந்தக் காய்ச்சல்?

இட்டேரி: அண்ணா, மனு யார் பேரில் கொடுப்பது?

கிணத்துக்கடவான்: தம்பி, நீ கொஞ்சம் இரு. தடம் விவகாரம் கோர்ட்டில் கிடக்கிறது, சர்வேயர் வரட்டும், பேசிக்கொள்ளலாம். போன தடவை அளந்து நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்டது யார் என்று ஊருக்கே தெரியும்.

தோப்புக்காரன்: கல்லைப் பிடுங்கினது உங்கள் வீட்டு மாடு.