புதுப்பிப்பு: கோட்லினில் நல் நுழையும் வழி

முந்தைய இழையின் கேள்வி: கோட்லின் நிரலாக்க மொழியில் நல் (null, அதாவது மதிப்பே இல்லாத நிலை) வரலாம் என்றால் வகைப் பெயரின் பின் கேள்விக்குறி போட வேண்டும்; அது இல்லாத ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) புலத்தில் இயங்கும்போது நல் எப்படி வருகிறது? எல்லாப் புலங்களுக்கும் டீஃபால்ட் மதிப்பு (எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பு) கொடுத்தால் போதும் என்று அங்கே எழுதியது பாதிதான் சரி.

குற்றவாளி ஜீசன் (Gson), அதாவது சர்வர் அனுப்பும் ஜேசான் (JSON) வடிவத் தரவை ஆப்ஜெக்ட்டாக மாற்றும் நூலகம். டேட்டா கிளாஸில் (தரவை வைத்திருக்கும் கிளாஸ்) அளவுருக்களே இல்லாத கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட்டைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷன்) கிடைக்காவிட்டால், அது கன்ஸ்ட்ரக்டரை அழைக்காமலேயே ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, ரிஃப்ளெக்‌ஷன் (இயங்கும்போதே கிளாஸின் உள்ளே கைவைக்கும் வசதி) வழியாகப் புலங்களை நிரப்பும். அதனால் கம்பைலர் கன்ஸ்ட்ரக்டருக்குள் செருகிய நல் சோதனை ஓடவே ஓடாது. ஜேசானில் 'பெயர்' விடுபட்டால் அந்தப் புலம் நல், முழு எண் புலமென்றால் 0. பிழையும் அங்கே வெடிக்காது. பத்து ஃபங்ஷன் தள்ளி, அந்தப் பெயரின் நீளத்தைக் கேட்கும்போதுதான் வெடிக்கும். தேடுபவர் தவறான இடத்தைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

எல்லா அளவுருக்களுக்கும் டீஃபால்ட் இருந்தால் கோட்லின் காலி கன்ஸ்ட்ரக்டர் ஒன்றையும் தரும். விடுபட்ட புலம் டீஃபால்ட் பெறும். ஒரே ஒரு அளவுரு பாக்கியிருந்தாலும் பழைய கதைதான். ஆனால் ஸ்ட்ரிங் புலத்துக்குச் சர்வர் வெளிப்படையாக நல் அனுப்பினால், டீஃபால்ட்டின் மேலேயே அது எழுதப்பட்டுவிடும். இதைத்தான் விட்டிருந்தேன்.

ஆகவே, ஜேசான் வாங்கும் கிளாஸில் எல்லாவற்றுக்கும் கேள்விக்குறி போடுங்கள். உள்ளே பயன்படுத்தும் கிளாஸுக்கு மாற்றும் இடத்தில் ?: (இடப்பக்கம் நல் என்றால் வலப்பக்கத்தை எடுக்கும் குறி) வைத்து, மாற்று மதிப்போ தெளிவான எக்ஸெப்ஷனோ (பிழை அறிவிப்பு) கொடுங்கள். !! (நல் என்றால் உடனே பிழை எறியும் குறி) வேண்டாம், எந்தப் புலம் காலி என்று அது சொல்லாது.