பொருள்: ரேண்டம் – சமவாய்ப்பா, எழுமாறா?

செ. எழுதியது:
அன்பர்களே, குறியாக்க மென்பொருள் ஒன்றின் சரங்களை (திரையில் தோன்றும் சொற்கள்) தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ரேண்டம் (அடுத்து வருவதை முன்கூட்டிச் சொல்ல முடியாதது), சூடோ ரேண்டம் (கணக்கு விதியால் அப்படித் தோன்றச் செய்வது), ட்ரூ ரேண்டம் (உண்மையாகவே அப்படி வருவது), டிட்டர்மினிஸ்டிக் (முந்தைய நிலையே அடுத்ததை முழுக்கத் தீர்மானிப்பது) – நான்கும் இடிக்கின்றன. முன்பு யாரோ ‘தோராய எண்’ என்று போட்டுவைத்திருக்கிறார்கள். தோராயம் என்றால் கிட்டத்தட்ட. அதை மட்டும் யாரும் ஆதரித்துவிடாதீர்கள்.

இரா. எழுதியது:
இதில் பேச என்ன இருக்கிறது? தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் ‘சமவாய்ப்பு மாறி’ இருக்கிறது. அதையே எடுங்கள். சமவாய்ப்பு எண்.

ந. எழுதியது:
> அதையே எடுங்கள்

தெரிந்த சொல்தான், பொருந்தாத சொல். ரேண்டத்துக்குள் ‘சமம்’ கிடையாது. பத்துக்கு ஏழு தடவை தலை விழும் கோணல் நாணயத்திலும் அடுத்து விழுவது எதுவென்று சொல்ல முடியாது. கதிரியக்கத்தை அளக்கும் கைகர் கருவியின் சொடுக்குகளுக்கு இடையே குறுகிய இடைவெளிகளே அதிகம். அதையும் ‘சமமற்ற சமவாய்ப்பு’ என்பீர்களா?

வன்பொருளிலிருந்து வரும் பிட்டுகள் (0, 1) பெரும்பாலும் ஒருபக்கம் சாய்ந்தே வரும். கணித அறிஞர் ஃபான் நாய்மன் சொன்ன வழி: இரண்டிரண்டாக எடு. 01 என்றால் 0, 10 என்றால் 1. 00, 11 இரண்டையும் எறிந்துவிடு. 1 வரும் வாய்ப்பு 0.7 என்றால், 100 பிட் கொடுத்துச் சராசரியாக 21 பிட் வாங்கலாம். பிட்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. சமவாய்ப்பு என்பது இங்கே கடைசியில் வடித்தெடுக்கும் சரக்கு. உள்ளே போனதற்கும் அதே பெயரா?

ச. எழுதியது:
இலங்கைப் பாடநூல்களில் ‘எழுமாறு’ என்றே படிக்கிறோம். எழுமாற்று மாதிரி, எழுமாற்றுப் பரிசோதனை. இதில் சமமும் இல்லை, வாய்ப்பும் இல்லை.

பு. எழுதியது:
ஆனால் காரணம் இருக்கிறதே! ‘மாறு’ சங்க இலக்கியத்தில் ஏதுப்பொருள், அதாவது காரணப்பொருள், தரும் இடைச்சொல். ‘அனையை ஆகன் மாறே’ – புறநானூறு 4. காரணமில்லாமல் வருவதற்குக் காரண இடைச்சொல் ஒட்டிய பெயரா? குறள் 935-இல் ‘கவறு’ (சூதாடும் காய்) இருக்கிறது. கவறெண் என்போம்.

ச. எழுதியது:
ஐயா, அது எழும் + ஆறு. செய்யுமாறு, வருமாறு போல. ஆறு என்றால் வழி. எழுகிறபடி வருவது எழுமாறு.

ந. எழுதியது:
கவறு வேண்டவே வேண்டாம். உருட்டிய வேகம், கோணம், தரையின் உராய்வு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தால் விழும் முகத்தைக் கணக்கிட்டுவிடலாம். இப்போதைய நிலை முழுக்கத் தெரிந்தால் எதிர்காலத்தையும் கணக்கிடலாம் என்று 1814-இல் கணித அறிஞர் லாப்லாஸ் எழுதியதன்படி பார்த்தால் கவறு டிட்டர்மினிஸ்டிக்குக்குத்தான் உதாரணம்.

பு. எழுதியது:
கவறை விட்டுவிடுகிறேன். டிட்டர்மினிஸ்டிக்குக்குக் கணியன் பூங்குன்றன் தந்திருக்கிறான். ‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ ஆருயிர் ‘முறைவழிப் படூஉம்’. முறைவழி! எல்லாம் முன்பே விதிக்கப்பட்டது என்ற பழைய சமயத்தாரான ஆசீவகரின் ‘நியதி’ வடசொல். ‘ஊழ்’ நல்ல தமிழ், ஆனால் மென்பொருளில் எண்களை உருவாக்கும் நிரலை ‘ஊழ் இயற்றி’ என்றால் சிரிப்பார்கள்.

இரா. எழுதியது:
முறைவழி சரி. சூடோவுக்குப் ‘போலி’ என்று போட்டுவிடாதீர்கள். போலி நகை, போலிச் சான்றிதழ். பாதுகாப்பு மென்பொருளில் அதைப் பார்த்தால் நிறுவினவர் நீக்கிவிடுவார்.

பு. எழுதியது:
இலக்கணத்தில் வரும் எழுத்துப் போலியை மறந்துவிட்டீர்களா? நிலம் நிலன் ஆகும், பொருள் மாறாது. ஒன்றன் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்வதே போலி. இதைவிடப் பொருத்தம் எங்கே?

ந. எழுதியது:
பொருத்தம்தான், ஆனால் எந்தப் போலியும் எல்லா வேலைக்கும் உதவாது. மெர்சென் ட்விஸ்டர் என்ற சூடோ ரேண்டம் இயற்றி 2^19937 − 1 எண்களுக்குப் பிறகே சுற்று திரும்பும். அப்படியிருந்தும் அடுத்தடுத்த 624 எண்களைப் பார்த்தவர் மிச்சம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். குறியாக்கச் சாவிக்கு (தகவலைப் பூட்டும் ரகசிய எண்) அது ஆகாது. நல்ல இயற்றியாகவே இருந்தாலும் விதை (அது தொடங்கும் எண்) கெட்டால் போயிற்று. 2008-இல் வெளிவந்த டெபியன் இயங்குதளப் பிழையில் விதையாக மிஞ்சியது செயல் எண் (ஓடும் நிரலுக்குக் கணினி இடும் எண்) மட்டும். ஒவ்வொரு சாவி வகைக்கும் அளவுக்கும் 32,768 சாவிகள்தான், எல்லாவற்றையும் உட்கார்ந்து எண்ணிவிடலாம்.

ட்ரூ ரேண்டத்தை ‘மெய் எழுமாறு’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இயற்கையில் காரணமற்ற நிகழ்வு உண்டு என்று பொத்தானில் அடித்துச் சொல்கிறோமா? இதைத் தொட்ட சோதனை ஒன்றில், 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கி.மீ. தள்ளி வைத்த இரண்டு எலக்ட்ரான்களில் 245 அளவீடுகள் செய்தார்கள். உள்ளூர் மறைமாறிகள் (ஒளிந்திருந்து, தன் இடத்தில் மட்டும் விளைவைத் தீர்மானிக்கும் காரணிகள்) இருந்தால் தாண்ட முடியாத பெல் எல்லை 2, கிடைத்தது 2.42. அடிபட்டது அந்த மறைமாறிகள் மட்டுமே. இயற்பியலர் போம் 1952-இல் சொன்ன குவாண்டம் கோட்பாட்டு வடிவம் முழுக்க முறைவழி, உள்ளூர்த்தன்மையை (தொலைவில் நடப்பது இங்கே உடனே பாதிக்காது என்பதை) விட்டுக்கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறது. அளவிடும் கோணங்களைத் தேர்ந்ததும் முன்பே விதிக்கப்பட்டதுதான் என்று வாதிடுபவரை எந்தச் சோதனையும் மடக்காது. எண் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் போதும்: ‘வன்பொருள் எழுமாறு’.

பு. எழுதியது:
மெய் வேண்டாம். மெய்யெழுத்தோடு குழம்பும்.

செ. எழுதியது:
எழுமாறு எண், போலி எழுமாறு எண், வன்பொருள் எழுமாறு எண், முறைவழி. இப்படியே அனுப்புகிறேன். ஆதரவு நால்வர், எதிர்ப்பு ஒருவர்.

இரா. எழுதியது:
எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இங்கே பிளஸ் டூ முடித்துவரும் பிள்ளைக்கு எழுமாறு புரியாது. பக்கத்தில் அடைப்புக்குள் ‘சமவாய்ப்பு’ என்றாவது போடுங்கள்.

செ. எழுதியது:
பொத்தானில் 24 எழுத்துக்குமேல் ஏறாது ஐயா. உதவிப் பக்கத்தில் வேண்டுமானால் சேர்க்கிறேன்.